பொடி சேர்த்தால் போதுமா? பாலிமர் மின்பகுளி பற்றி வாசகர் கேள்விகள்

மின்கலத்தின் இரு முனைகளுக்கும் நடுவே அயனியைக் கடத்துவது மின்பகுளி; அதைத் திரவமாக இல்லாமல் பிளாஸ்டிக் படலமாகச் செய்தால் திட பாலிமர் மின்பகுளி. அதைப் பற்றி வந்த கடிதங்களை ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். ஆய்வு மாணவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே கவலை: கடத்துத்திறன் ஏறவில்லை. எனக்கு வேறு கவலை. அந்த ஓர் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, அயனி எந்த வழியாகப் போகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்று கேட்க மறந்துபோகிறோம். பல வருடங்களாக இந்தப் படலங்களை வார்த்து, உலர்த்தி, அளந்து வருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உப்பு தண்ணீரில் கரைந்தால் மின்சாரம் கடத்தும், அது தெரியும். பிளாஸ்டிக்கில் உப்பு எப்படிக் கரையும்? கரைந்தாலும் திடப்பொருளுக்குள் அயனி எப்படி நகரும், அம்மா?

நல்ல இடத்தில் பிடித்திருக்கிறாய், தம்பி. எல்லா பிளாஸ்டிக்கிலும் கரையாது. பாலிஎத்திலீன் ஆக்ஸைடு என்று ஒன்று இருக்கிறது, ஆய்வகத்தில் பி.இ.ஓ. என்போம். அதன் சங்கிலியில் இரண்டு கார்பனுக்கு ஒரு ஆக்சிஜன் வரும். அந்த ஆக்சிஜன்களின் தனித்த எலக்ட்ரான் இணைகள் லித்தியம் அயனியை இழுத்துப் பிடிக்கும். நாலைந்து ஆக்சிஜன்கள் ஒரு லித்தியத்தைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். தண்ணீர் மூலக்கூறுகள் செய்கிற அதே வேலை. இப்படி உப்பும் பி.இ.ஓ.வும் சேர்ந்த சேர்மங்களை ஃபென்டன், பார்க்கர், ரைட் மூவரும் 1973இல் வெளியிட்டார்கள். அதை மின்கலத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1978 வாக்கில் எடுத்துச் சொன்னவர் மிஷெல் ஆர்மாண்ட்.

அப்புறம் நகர்வது. முழுச் சங்கிலி இடம் பெயர வேண்டியதில்லை. சங்கிலியின் சிறு சிறு துண்டுகள் எப்போதும் நெளிந்துகொண்டே இருக்கும். அந்த நெளிவில் லித்தியம் ஓர் ஆக்சிஜனை விட்டு அடுத்ததைப் பிடிக்கும். ஆகவே சங்கிலி நெளியும் அளவுக்குத்தான் அயனி நகரும். பி.இ.ஓ.வின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, அதாவது அதற்குக் கீழே சங்கிலி நெளியாமல் விறைத்துவிடும் வெப்பநிலை, மைனஸ் 60 டிகிரி செல்சியஸ் அருகில். அப்படியென்றால் அறை வெப்பநிலையில் தாராளமாக நெளிய வேண்டுமே என்று தோன்றும். அங்கேதான் படிகம் குறுக்கே வருகிறது. சுமார் 65 டிகிரிக்குக் கீழே சங்கிலிகளில் பெரும்பகுதி ஒழுங்காக மடிந்து படிகமாகிவிடும். அயனி நகர்வது முக்கியமாகப் படிகமற்ற பகுதியில்தான் என்று 1983இல் பெர்தியேயும் அவருடைய குழுவினரும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு மூலம் காட்டினார்கள்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உலர்த்திய படலத்தை 80 டிகிரியில் வைத்தால் தெளிவாக இருக்கும், அடியில் வைத்த எழுத்தைப் படிக்கலாம். வெளியே எடுத்து ஆற விட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் நிறம் ஏறும். துருவ ஒளி நுண்ணோக்கியில் பார்த்தால் வட்ட வட்டமாக, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு கறுப்புச் சிலுவையோடு, படிகக் கோளங்கள் ஒன்றையொன்று முட்டும்வரை வளர்வது தெரியும். அவை வளர வளர அயனிக்கு வழி குறைகிறது. அறை வெப்பநிலையில் இந்தப் படலத்தின் கடத்துத்திறன் பெரும்பாலும் 10⁻⁶ சீமென்ஸ்/செ.மீ. அளவில்தான் இருக்கும். 80 டிகிரியில் அதே படலம் 10⁻³ அருகே போகும். சாதாரண லித்தியம் அயனி மின்கலத்தின் திரவ மின்பகுளி 10⁻² அளவு. 2011இல் பாரிசில் தொடங்கிய ஆட்டோலிப் வாடகைக் கார்களில் இருந்தது பாலிமர் மின்கலம்தான். அதை எப்போதும் சூடாகவே வைத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் இந்தப் பால் நிறம்.

கேள்வி: பி.இ.ஓ.வில் நானோ அலுமினா சேர்த்தேன். எடையில் 10 சதவீதம் வரை கடத்துத்திறன் ஏறியது, அதற்கு மேல் இறங்கிவிட்டது. "துகள்கள் கட்டி சேர்ந்துவிட்டன" என்று ஆய்வேட்டில் எழுதச் சொல்கிறார்கள். சரியா?

சரியாக இருக்கலாம். ஆனால் மின்னணு நுண்ணோக்கிப் படத்தில் அந்தக் கட்டிகளைக் காட்டாமல் அப்படி எழுதாதீர்கள். ஏறி இறங்கும் அந்த வளைவு எத்தனையோ ஆய்வேடுகளில் இருக்கிறது, பெரும்பாலானவற்றில் அதே ஒரு வரி விளக்கம்தான். அலுமினாவுக்கு லித்தியத்தைக் கடத்தும் சக்தி கிடையாது. அது படலத்துக்குள் இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள். அப்படியிருந்தும் எப்படி ஏறியது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

1982இல் வெஸ்டனும் ஸ்டீலும் அலுமினாவைச் சேர்த்ததே படலம் சூட்டில் இளகி ஓடாமல் இருப்பதற்காக. கடத்துத்திறனுக்காக நானோ பொடியைச் சேர்க்கும் அலை 1998இல் குரோச்சே, அப்பெட்டெக்கி, பெர்சி, ஸ்க்ரோசாட்டி நால்வரும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் பெரிதாக எழுந்தது. டைட்டானியம் டைஆக்ஸைடு, அலுமினா நானோ துகள்களைச் சேர்த்து 30 டிகிரியில் 10⁻⁵, 50 டிகிரியில் 10⁻⁴ என்று காட்டினார்கள்.

பொடி இரண்டு வகையில் உதவலாம். ஒன்று, சங்கிலிகள் ஒழுங்காக மடிவதைத் தடுத்துப் படிகத்தைக் குறைப்பது. இரண்டு, துகளின் மேற்பரப்பில் உள்ள அமிலத் தன்மை கொண்ட இடங்கள் உப்பின் எதிர் அயனியை (உப்பில் லித்தியத்தோடு இணைந்திருந்த எதிர்மின் அயனியை) பிடித்து வைத்துக்கொள்ள, லித்தியம் விடுபடுவது. உங்கள் படலத்தில் எது நடந்தது என்பதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். 75, 80, 85 டிகிரியில் அளந்து பாருங்கள். அந்தச் சூட்டில் இரண்டு படலத்திலும் படிகம் கிடையாது. பொடி உள்ளதும் இல்லாததும் அங்கே ஒரே அளவு காட்டினால், அல்லது பொடி உள்ளது குறைவாகக் காட்டினால், உங்களுக்குக் கிடைத்ததெல்லாம் படிகத்தைக் குறைத்த பலன் மட்டும்தான். அங்கேயும் அதிகமாக இருந்தால் மேற்பரப்பைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை உண்டு.

படிகத்தைக் குறைத்த பலனுக்கு ஆயுள் குறைவு. சூடேற்றி ஆற வைத்தவுடன் அளந்தால் நல்ல எண் வரும், ஏனென்றால் படிகம் வளர நேரம் கிடைத்திருக்காது. அதே செல்லை இரண்டு வாரம் அறை வெப்பநிலையில் வைத்துவிட்டு மறுபடி அளந்தால் உண்மை தெரியும். ஆகையால் சூடேற்றும்போது எடுத்ததா, ஆறும்போது எடுத்ததா என்று சொல்லாமல் ஒரு வரைபடத்தையும் வெளியிடாதீர்கள்.

இன்னொன்று, இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: தண்ணீர். நானோ அலுமினாவின் மேற்பரப்பு முழுக்க ஹைட்ராக்சில் குழுக்கள், காற்றில் உள்ள ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லித்தியம் உப்போ அதைவிடப் பேராசைக்காரன். ஈரம் உள்ளே போனால் சங்கிலி இளகும், கடத்துத்திறன் ஏறும், எல்லோருக்கும் சந்தோஷம். லித்தியம் உலோகத்தோடு வைத்த அன்றைக்குத்தான் தெரியும். பொடியை வெற்றிடத்தில் நன்றாகச் சூடேற்றி உலர்த்தி, நேராக ஆர்கான் நிரப்பிய, காற்று புகாத கிளவ் பாக்ஸுக்குள் கொண்டுபோங்கள். பொடி சேர்க்காத ஒப்பீட்டுப் படலத்தையும் அதே கரைப்பான், அதே கலக்கும் நேரம், அதே உலர்த்தும் நேரம் கொடுத்துச் செய்யுங்கள். பல ஒப்பீடுகள் பிசகுவது இங்கேதான்.

கடைசியாக, மொத்தக் கடத்துத்திறனில் லித்தியத்தின் பங்கு எவ்வளவு என்று அளந்தீர்களா? பி.இ.ஓ.வில் அது பெரும்பாலும் 0.2 அளவுதான். மீதி எல்லாம் எதிர் அயனியின் ஓட்டம், மின்கலத்துக்கு அதனால் பயன் இல்லை. இரண்டு பக்கமும் லித்தியம் வைத்த செல்லில் 10 மில்லிவோல்ட் போன்ற சின்ன மின்னழுத்தம் கொடுத்து, ஆரம்ப மின்னோட்டத்தையும் நிலைத்த மின்னோட்டத்தையும், முன்னும் பின்னும் இடைமுக மின்தடையையும் (படலமும் லித்தியமும் தொடும் இடத்தின் தடை) எடுத்தால் கணக்கிட்டுவிடலாம். புரூஸ்-வின்சென்ட் முறை என்பது இதுதான். அலுமினா எதிர் அயனியைப் பிடிக்கிறது என்று சொல்கிறவர் இந்த எண் ஏறியதைக் காட்ட வேண்டும்.

கேள்வி: அலுமினா கடத்தாது, சரி. லித்தியத்தைத் தானே கடத்தும் கார்னெட் பொடியைச் சேர்த்தால் இரட்டை லாபம் அல்லவா? நான் 40 சதவீதம் வரை சேர்த்தும் பெரிய மாற்றம் இல்லை.

கார்னெட் என்று நீங்கள் சொல்லும் லித்தியம்-லாந்தனம்-சிர்கோனியம் ஆக்ஸைடை 2007இல் முருகன், தங்கதுரை, வெப்னர் மூவரும் வெளியிட்டார்கள். 25 டிகிரியில் 3×10⁻⁴ சீமென்ஸ்/செ.மீ., கூடவே லித்தியம் உலோகத்தோடு நல்ல நிலைப்புத்தன்மை. இந்த இரண்டும் ஒரே ஆக்ஸைடில் கிடைத்தது பெரிய விஷயம். அந்தக் கட்டுரைக்குப் பிறகு இந்தத் துறையில் எவ்வளவு பேர் கார்னெட் பக்கம் திரும்பினார்கள் என்பதை நேரில் பார்த்தவள் நான்.

ஆனால் துகளாகப் போட்டால் என்ன ஆகிறது? அயனி பாலிமரிலிருந்து துகளுக்குள் நுழைய வேண்டும், மறுபக்கம் வெளியேற வேண்டும், கொஞ்ச தூரம் பாலிமரில் நீந்தி அடுத்த துகளுக்குள் நுழைய வேண்டும். ஒவ்வொரு நுழைவுக்கும் ஒரு தடை உண்டு. பாலிமரிலேயே சுற்றிக்கொண்டு போவது சுலபம் என்றால் அயனி அப்படித்தான் போகும். இதை அழகாகச் சோதித்திருக்கிறார்கள். இயற்கை லித்தியத்தில் 92 சதவீதத்துக்கு மேல் நிறை எண் 7, மீதிதான் 6. நிறை எண் 6 உள்ள லித்தியத் தகடுகளை இரு பக்கமும் வைத்து மின்னோட்டம் செலுத்தினால், அயனி போகிற வழியெல்லாம் 7 வெளியேறி 6 குடியேறும். பிறகு காந்த ஒத்ததிர்வில் பார்த்தால் பாலிமரில் 6 கூடியிருக்கிறதா, கார்னெட்டில் கூடியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். பொடி குறைவாக இருக்கும்போது போக்குவரத்து பாலிமர் வழியாகத்தான். துகள்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொடராகும் அளவு சேர்த்த பிறகுதான் கார்னெட் வழி திறக்கிறது. அப்போதும் மொத்தக் கடத்துத்திறன் கூடியே தீரும் என்று இல்லை, ஏனென்றால் துகளும் துகளும் வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் தடை அதிகம்.

உங்கள் பொடி எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். கார்னெட் காற்றில் கிடந்தால் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே லித்தியம் கார்பனேட் தோல் கட்டிக்கொள்ளும். அந்தத் தோல் அயனியை மிக மோசமாகக் கடத்தும். உள்ளே எவ்வளவு நல்ல சரக்கு இருந்தால் என்ன, வாசல் அடைத்துக் கிடக்கிறதே. ஆர்கானில் சூடேற்றியோ, நீர்த்த அமிலத்தில் சிறிது நேரம் கழுவி உலர்த்தியோ அதை நீக்கிவிட்டு உடனே பயன்படுத்துங்கள். பாட்டிலைத் திறந்து பல மாதம் ஆன பொடி என்றால் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் கார்பனேட்டின் உச்சிகள் தெரிகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், சதவீதத்தை ஏற்றுவதை நிறுத்திவிட்டு வடிவத்தை மாற்றுங்கள். நாராகவோ, ஒன்றோடொன்று இணைந்த வலையாகவோ கார்னெட் போன்ற செராமிக்கைச் செய்து, அதற்குள் பாலிமரை ஊற வைத்தால் அயனிக்கு அறுபடாத வழி கிடைக்கும். 2015இல் பாலிஅக்ரிலோநைட்ரைலில் லித்தியம்-லாந்தனம்-டைட்டானியம் ஆக்ஸைடு நானோ நார்களை 15 சதவீதம் சேர்த்து, அறை வெப்பநிலையில் 2.4×10⁻⁴ வரை கொண்டுவந்தார்கள். அடுத்த வருடம் கார்னெட் நார் வலையில் பி.இ.ஓ.வை நிரப்பி அதே அளவில் இன்னொரு குழு காட்டியது. கூடுதல் லாபம், வலை படலத்துக்கு முதுகெலும்பாகவும் இருக்கும். பாலிமரை இளக்கினால் கடத்தும், ஆனால் கிழியும். இறுக்கினால் கிழியாது, கடத்தாது. இந்த இழுபறியிலிருந்து வெளியே வர எனக்குத் தெரிந்து இது ஒரு நல்ல வழி.

கேள்வி: பி.வி.டி.எஃப். (பாலிவினைலிடீன் ஃபுளூரைடு) பாலிமரை டி.எம்.எஃப். (டைமெத்தில்ஃபார்மமைடு) கரைப்பானில் கரைத்து, கார்னெட் பொடியைப் போட்டுக் கலக்கினேன். கொஞ்ச நேரத்தில் கரைசல் பழுப்பாகிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா? கொட்டிவிடலாமா?

கொட்டாதீர்கள். உங்கள் கண் முன்னாலேயே ஒரு வினை நடந்திருக்கிறது. கார்னெட்டின் மேற்பரப்பு காரத்தன்மை உடையது. அது பி.வி.டி.எஃப். சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனையும் ஃபுளூரினையும் சேர்த்துப் பிடுங்குகிறது. பிடுங்கிய இடத்தில் இரட்டைப் பிணைப்பு வரும். அவை அடுத்தடுத்து வரிசையாக அமைந்தால் நிறம் வரும்: முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் தேன் நிறம், கார்பனேட்டும் ஹைட்ராக்ஸைடும் அதிகமான பொடி என்றால் காப்பி நிறம். காந்தக் கலக்கி சுற்றிக்கொண்டிருக்கும்போது துகள் அடர்ந்த அடிப்பகுதியில் இருந்து நிறம் கிளம்புவதைப் பார்க்கலாம். இந்த வினை அளவோடு நடந்தால் பாலிமர், உப்பு, பொடி மூன்றும் நன்றாக ஒட்டி உறவாட உதவுகிறது என்று 2017இல் ஒரு குழு வாதிட்டு, 25 டிகிரியில் 5×10⁻⁴ என்றும் காட்டியது. அளவு மீறினால் கரைசல் கூழாகி, படலம் மொறுமொறுவென்று ஒடியும்.

உங்களுக்கு வேண்டியது கட்டுப்பாடு. பொடியின் தோலை நீக்குங்கள், கரைப்பானை உலர்த்துங்கள், கலக்கும் நேரத்தையும் சூட்டையும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக வையுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பி.வி.டி.எஃப். பி.இ.ஓ. மாதிரி லித்தியத்தைத் தானே நகர்த்திக்கொண்டு போகும் பாலிமர் இல்லை. உலர்த்திய பிறகும் உள்ளே தங்கும் டி.எம்.எஃப். லித்தியத்தோடு ஒட்டிக்கொண்டு அதை நகர்த்துகிறது. உங்களுக்கு நல்ல கடத்துத்திறன் வந்தால் அதில் பெரும்பங்கு இந்த மிச்சக் கரைப்பானுடையது. அது 153 டிகிரியில் கொதிக்கும் திரவம், உப்போடு சேர்ந்துவிட்டால் லேசில் போகாது. வெப்ப எடையிழப்பு அளவீட்டில் 200 டிகிரிக்குக் கீழே எவ்வளவு எடை குறைகிறது என்று பார்த்து, அந்த எண்ணையும் கடத்துத்திறனோடு சேர்த்தே எழுதுங்கள். டி.எம்.எஃப். லித்தியம் உலோகத்தோடு வினை புரியும் என்பதால் அது நிலைப்புத்தன்மையையும் பாதிக்கும் விஷயம்.

கேள்வி: நான் மின்னணுப் பொறியாளர். 10⁻⁴, 10⁻⁵ என்று எழுதுகிறீர்கள். ஒரு மின்கலத்துக்கு எவ்வளவு இருந்தால் போதும்?

கடத்துத்திறனைத் தனியாகப் பார்த்தால் விடை கிடைக்காது, தடிமனும் வேண்டும். தடிமனைக் கடத்துத்திறனால் வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கான மின்தடை வரும். 100 மைக்ரான் படலம், 10⁻⁶ என்றால் 10,000 ஓம். ஒரு மில்லிஆம்பியர் ஓடினால் 10 வோல்ட் அதிலேயே போய்விடும், மின்கலமே நாலு வோல்ட்தான். அதே படலம் 10⁻⁴ என்றால் 100 ஓம், இழப்பு 0.1 வோல்ட். அதையே 20 மைக்ரானாகச் செய்தால் 20 ஓம். கடத்துத்திறனை ஐந்து மடங்கு ஏற்ற வருடக்கணக்கில் பாடுபடுகிறவர்கள், படலத்தை ஐந்தில் ஒன்றாக மெலிதாக்கவும் கொஞ்சம் பாடுபடலாம். அதற்குத்தான் வலுவான வலை வேண்டும் என்கிறேன். இதற்கு மேல் லித்தியத்தை ஒட்டிய இடைமுகத்தின் மின்தடை தனி. பல செல்களில் அது படலத்தின் மின்தடையைவிடப் பெரிதாக இருக்கும்.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. 70 டிகிரிக்கு மேல் பி.இ.ஓ. படலம் அழுத்தத்தில் பிதுங்கி மெலிந்துவிடும். ஆரம்பத்தில் எடுத்த தடிமனை வைத்துக் கணக்குப் போட்டால் கடத்துத்திறன் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். படலத்தைச் சுற்றி ஒரு டெஃப்லான் வளையம் வைத்தால் தடிமன் மாறாது.

கேள்வி: திட மின்பகுளி என்றால் தீப்பிடிக்காதுதானே?

பி.இ.ஓ. எரியும். ஆவியாகி வெளியேறும் திரவம் இல்லாததால் ஆபத்து குறைவு, ஆனால் லித்தியம் உலோகம் உள்ளே இருக்கும்வரை "தீப்பிடிக்காது" என்று யாரும் உறுதி தர முடியாது. செராமிக் பங்கு அதிகமானால் எரிபொருள் குறையும், சூட்டில் சுருங்குவதும் குறையும்.

கேள்வி: என் பி.இ.ஓ.-கார்னெட் படலம் 5 வோல்ட் வரை நிலைத்திருப்பதாக அளவீட்டில் வந்தது. ஆனால் நிக்கல் அதிகமுள்ள நேர்மின்முனையோடு 4.3 வோல்டுக்குச் சார்ஜ் செய்தால் சீக்கிரம் வீணாகிறது. ஏன்?

துருப்பிடிக்காத எஃகுத் தகட்டின் மேல் மின்னழுத்தத்தை வேகமாக ஏற்றிக்கொண்டே போய் அளந்திருப்பீர்கள். தகடு வழவழப்பானது, பரப்பு சிறியது, மின்பகுளி சிதைந்தாலும் வரும் மின்னோட்டம் மிகச் சிறியது. வரைபடத்தின் அச்சு பெரிதாக இருந்தால் அது தரையோடு தரையாகத் தெரியும். உண்மையான நேர்மின்முனையில் கார்பன் பொடி உண்டு, பரப்பு பல மடங்கு, வினையூக்கியாக வேலை செய்யும் உலோக அயனிகளும் உண்டு. பி.இ.ஓ. ஏறக்குறைய 4 வோல்டிலேயே ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்கிவிடுகிறது. சங்கிலி நுனியில் உள்ள ஹைட்ராக்சில் குழு முதலில் போகிறது. 3.4 வோல்டில் இயங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டோடு பி.இ.ஓ. நன்றாகக் குடித்தனம் நடத்துவதற்குக் காரணம் இதுதான்.

கார்னெட் சேர்ப்பதால் பாலிமரின் வேதியியல் மாறாது. நேர்மின்முனையைத் தொட்டுக்கொண்டிருப்பது இன்னும் அதே பி.இ.ஓ.தான். கார்பன் கலந்த மின்முனையை வைத்து 3.8, 3.9, 4.0 என்று ஒவ்வொரு படியிலும் பல மணி நேரம் நிறுத்தி, மின்னோட்டம் பூஜ்யத்தை நோக்கி இறங்குகிறதா, இல்லை அடங்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். அடங்காத முதல் படியே உங்கள் எல்லை. தீர்வு என்றால், இரண்டு அடுக்கு: நேர்மின்முனைப் பக்கம் ஆக்சிஜனேற்றத்தைத் தாங்கும் பாலிஅக்ரிலோநைட்ரைல் போன்றது, லித்தியம் பக்கம் பி.இ.ஓ. அல்லது நேர்மின்முனைத் துகள்களுக்கு மெல்லிய பூச்சு.

லித்தியம் பக்கத்திலும் கவனம் வேண்டும். டைட்டானியம் உள்ள செராமிக்குகள் லித்தியம் உலோகத்தை நேராகத் தொடக்கூடாது. வெள்ளையான வில்லையை லித்தியத் தகட்டின் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள், தொட்ட இடம் கறுக்கும். டைட்டானியம் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஒடுக்கமடைகிறது, அப்புறம் அந்தப் பகுதி எலக்ட்ரானையும் கடத்தத் தொடங்கிவிடும். பொடி ஒவ்வொன்றையும் பாலிமர் முழுசாகப் போர்த்தியிருக்க வேண்டும், அல்லது அந்தப் பக்கம் தனியாக ஒரு பாலிமர் அடுக்கு வேண்டும்.

கேள்வி: கடினமான செராமிக் சேர்த்தால் லித்தியம் டென்ட்ரைட் (லித்தியத்திலிருந்து முளைக்கும் ஊசிக் கிளை) துளைக்காது என்று படித்தேன். உண்மையா?

மன்றோவும் நியூமனும் 2005இல் போட்ட கணக்கு அது. மின்பகுளியின் சறுக்கு மீள்குணகம் (வடிவம் சறுக்கி மாறுவதை எதிர்க்கும் விறைப்பு) லித்தியத்தைப் போல் சுமார் இரண்டு மடங்கு இருந்தால், அதாவது பல கிகாபாஸ்கல், முளைப்பு அடங்கும் என்று சொன்னார்கள். பாலிமரில் பத்து சதவீதம் நானோ பொடி தூவினால் அந்த அளவுக்கு வராது. முழுக்க முழுக்கக் கார்னெட்டால் ஆன வில்லை அந்த அளவைத் தாராளமாகத் தாண்டுகிறது, ஆனாலும் அதன் பரல் எல்லைகள் (சிறு படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டும் விளிம்புகள்) வழியாக லித்தியம் புகுந்துவிடுகிறது. ஆகவே கடினம் மட்டும் காப்பாற்றாது. மின்னோட்டம் பரப்பு முழுவதும் சீராகப் பரவ வேண்டும், லித்தியத்தோடு தொடர்பு விட்டுப்போகக்கூடாது, எதிர் அயனி ஒரு பக்கமாகக் குவியக்கூடாது. லித்தியத்தின் பங்கு எண்ணை அளக்கச் சொல்லி மேலே வற்புறுத்தியதற்கு இதுவும் காரணம்.

கேள்வி: சோடியத்துக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். பி.இ.ஓ. சோடியம் உப்பையும் கரைக்கும். செராமிக் வேண்டுமென்றால் சோடியத்தைக் கடத்தும் நாசிகான் குடும்பம் இருக்கிறது, 1976 முதல் தெரிந்த பொருள். படிகச் சிக்கல், ஈரச் சிக்கல், இடைமுகச் சிக்கல் எல்லாம் அப்படியே கூட வரும்.

கேள்வி: இரு பக்கமும் லித்தியம் வைத்த செல்லை ஓட்டுகிறேன். ஆரம்பத்தில் 60 மில்லிவோல்ட் காட்டியது. சில நாளில் திடீரென்று 8 மில்லிவோல்டுக்கு இறங்கி, அதன்பிறகு ஆடாமல் அசையாமல் ஓடுகிறது. இடைமுகம் நன்றாகப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா, மேடம்?

இல்லை. இது மென்மையான உட்குறுக்கு, அதாவது மெல்லிய லித்தியம் இழை ஒன்று எதிர்ப்பக்கம் போய்த் தொட்டிருக்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். இடைமுகம் பழகினால் மின்னழுத்தம் படிப்படியாக இறங்கும். ஒரே சுற்றில் தடாலென்று விழாது.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். உங்கள் கடிதத்தில் படலம் 100 மைக்ரான், கடத்துத்திறன் 10⁻⁴, மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மில்லிஆம்பியர் என்று எழுதியிருக்கிறீர்கள். படலத்தின் மின்தடை மட்டுமே 100 ஓம், ஆகவே இடைமுகத்தில் தடையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 10 மில்லிவோல்டாவது காட்டியே ஆக வேண்டும். 8 மில்லிவோல்ட் என்பது அதற்கும் கீழே. அயனி வழியாக மட்டும் இந்த மின்னோட்டம் போகவில்லை, எலக்ட்ரானுக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. அலையின் வடிவத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். மூலைகள் கூர்மையாகச் சதுரம் போல் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

உறுதி செய்துகொள்ள, செல்லை நிறுத்திவிட்டு மின்மறுப்பு நிறமாலை (பல அதிர்வெண்களில் மாறுமின்னோட்டத்துக்கு உள்ள தடையை அளப்பது) எடுங்கள். முன்பு இருந்த இடைமுக அரைவட்டம் காணாமல் போய், மொத்த மின்தடையும் படலத்துக்கு உரியதைவிடக் குறைந்திருந்தால் குறுக்குதான். சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு மறுபடி எடுத்தும் பாருங்கள், மெல்லிய இழை சில நேரம் அறுந்துபோகும், அரைவட்டம் திரும்பி வரும். இனிமேல் ஓட்டும் செல்களில் குறிப்பிட்ட சுற்றுகளுக்கு ஒருமுறை இந்த நிறமாலையை எடுத்து மின்னழுத்த வரைபடத்தோடு சேர்த்தே வெளியிடுங்கள். அதே படலத்தில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வைத்து ஒரு முழுச் செல்லும் கட்டி, அதே மின்னோட்டத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கே குறுக்கு இருந்தால் சார்ஜ் முடிவில் மின்னழுத்தம் ஏறாமல் தத்தளிக்கும், உள்ளே போன மின்னூட்டம் வெளியே வந்ததைவிட அதிகமாகப் பதிவாகும்.